ஷேக்கர், தட்டுக்கட்டை, ராட்செட்: செய்வது முதல் கூட்டத்தில் ஒலிப்பது வரை முழுமையான வழிகாட்டி

புதிதாக ஷேக்கர் (உள்ளே மணி போட்டு ஆட்டும் கிலுகிலுப்பை) பிடிப்பவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். கை தாளத்தோடு ஒழுங்காகப் போய்வரும், சத்தம் மட்டும் பிந்தி விழும். உடனே கருவியைக் குறை சொல்வார்கள், இல்லாவிட்டால் இன்னும் வேகமாக ஆட்டுவார்கள், அது இன்னும் கெட்டுப்போகும். கூட்டத்திலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது: ஆரம்பிக்க எல்லோருக்கும் தெரியும், ஒன்றாக நிறுத்தத்தான் வராது.

இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் சத்தம் பிறப்பது அசைவு தடைபடுகிற இடத்தில். மணிகள் சுவரில் மோதும்போது, பலகையும் பலகையும் சந்திக்கும்போது, ராட்செட்டின் மரநாக்கு பற்சக்கரத்தின் ஒரு பல்லைத் தாண்டி விழும்போது. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், கீழே வருகிற பாதிப் படிகளுக்குக் காரணம் தானாக விளங்கிவிடும்.

மூன்று கருவிகளைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: கிலுகிலுப்பை வகையான ஷேக்கர், இரண்டு பலகையை மோதவிடும் தட்டுக்கட்டை, கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினால் கடகடவென்று ஒலிக்கிற ராட்செட். ஷேக்கரைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் எளிது என்று நினைத்து எல்லோரும் தடுக்கி விழுவது அதில்தான்.

1. எங்கே, எவ்வளவு தூரத்துக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எந்தக் கருவி என்று யோசிப்பதற்கு முன்னால் அது எங்கே ஒலிக்கப்போகிறது என்று யோசியுங்கள். நான்கைந்து பேர் பாடுகிற அறைக்கு ஒரு சின்ன ஷேக்கர் தாராளம். அதையே திறந்தவெளியில் ஐந்நூறு பேர் நடுவே கொண்டுபோனால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. ராட்செட்டை அறைக்குள் சுழற்றினால் பாடுகிறவர் பாட்டை நிறுத்திவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு கணக்கு உதவும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும். 1 மீட்டரில் 90 டெசிபல் கேட்கிற கருவி 8 மீட்டரில் 72 டெசிபல்தான். கூட்டத்தின் இரைச்சலிலேயே அது கரைந்துவிடும். இன்னொரு பக்கம், ஒரே மாதிரியான கருவி ஒன்றுக்குப் பதில் இரண்டு ஒலித்தால் 3 டெசிபல் கூடும், பத்து ஒலித்தால் 10 கூடும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தமாகத் தோன்றும். அதனால் பெரிய இடத்துக்கு ஒரே ஒரு ராட்சசக் கருவி செய்வதைவிட நடுத்தரமான பத்துக் கருவிகள் செய்து பத்துப் பேரிடம் கொடுப்பது நல்லது. யாரும் மூச்சு முட்ட ஆட்ட வேண்டியதில்லை.

அப்புறம், நிகழ்ச்சி நடக்கிற இடத்தில் அனுமதி உண்டா என்று செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 2010 கால்பந்து உலகக் கோப்பையில் வுவுசேலா என்ற நீளமான பிளாஸ்டிக் ஊதல்களை அனுமதித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா தன் போட்டிகளில் அவற்றைத் தடை செய்தது. 2014 உலகக் கோப்பைக்கென்று பிரேசிலில் காஷிரோலா என்ற கை ஷேக்கரை உருவாக்கினார்கள். 2013 ஏப்ரலில் சால்வடார் மைதானத்தில் ரசிகர்கள் கோபத்தில் அதைக் களத்துக்குள் வீசியெறிய, அதோடு அதன் கதை முடிந்தது. கையில் அடங்குகிற, கனமான, வீசக்கூடிய எதையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பெரிய கூட்டத்துக்கு லேசான அட்டை, மெல்லிய பிளாஸ்டிக் இரண்டும்தான் பாதுகாப்பான தேர்வு.

2. வேலையைத் தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஷேக்கருக்கு: மூடியுள்ள சின்ன டப்பா அல்லது கெட்டி அட்டைக் குழாய், உள்ளே போட இரண்டு மூன்று வகைத் தானியமோ மணியோ, கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு, ஒட்டுநாடா, உப்புத்தாள், இரண்டு பகுதி கலந்து பூசும் எபாக்சி பசை.

மரக் கருவிகளுக்கு: 10 முதல் 18 மி.மீ. வரை கனமுள்ள பிளைவுட் அல்லது கெட்டி மரம், 18 அல்லது 20 மி.மீ. விட்டமுள்ள உருளைக் கம்பு, சின்னக் கீல் இரண்டு, திருகாணி, வாள், துளைக் கருவி, மரப்பசை.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கைபேசியும், டிக் டிக் என்று சீராகத் தாளம் காட்டும் மெட்ரோனோம் செயலியும் வேண்டும். கைபேசி பதிவு செய்வதற்கு. ஒலிக்கிறவரின் காதுக்கு எப்போதும் சரியாகத்தான் கேட்கும், ஏனென்றால் கை அசைவை உடம்பு உணர்ந்து அதைச் சத்தத்தோடு சேர்த்துக்கொள்கிறது. பதிவில் கேட்டால்தான் நிலவரம் தெரியும்.

3. ஷேக்கருக்கு டப்பா தேர்ந்தெடுத்தல்

சுவர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கூர்மையான சத்தம். தகரம் பளீரென்று ஒலிக்கும், கெட்டிப் பிளாஸ்டிக் நடுத்தரம், அட்டை மென்மை. முதல்முறை செய்பவர்கள் தகர டப்பாவைத்தான் எடுப்பார்கள், சத்தம் அதிகம் வருகிறதே என்று. அறைக்குள் அது பாடகரின் குரலில் உள்ள ச, ஷ எழுத்துகளையெல்லாம் மூடிவிடும். தகரம்தான் கிடைக்கிறது என்றால் வெளிப்புறத்தில் இரண்டு மூன்று சுற்று துணி நாடா சுற்றிவிடுங்கள், அதிர்வு அடங்கிப் பாதி சாதுவாகிவிடும்.

அளவு: குழாய் வடிவம் என்றால் 15 முதல் 20 செ.மீ. நீளம், 4 அல்லது 5 செ.மீ. விட்டம். இதைவிட அகலமானால் மணிகள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போக அதிக நேரம் எடுக்கும், வேகமான தாளத்துக்கு ஈடுகொடுக்காது. முட்டை வடிவம் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற அளவு.

உட்புறம் வழுவழுப்பாக, காய்ந்து இருக்க வேண்டும். எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் மணிகள் ஒட்டிக்கொண்டு, இரண்டு நாளில் சத்தம் மங்கிவிடும். கழுவினால் ஒரு இரவு முழுக்கத் திறந்து வைத்துக் காயவிடுங்கள்.

4. உள்ளே என்ன போடுவது, எவ்வளவு போடுவது

மணல் போட்டால் ஸ்ஸ் என்று நீளமான, மெல்லிய ஒலி. கடுகு, கேழ்வரகு மாதிரி சிறுதானியம் அதைவிடக் கொஞ்சம் தெளிவு. அரிசி நடுத்தரம், பெரும்பாலான பாட்டுக்குப் பொருந்தும். பருப்பும் பிளாஸ்டிக் மணியும் தடித்த ஒலி. சிறு இரும்புக் குண்டுகள் போட்டால் கூர்மை, எடையும் கூடும், கை சீக்கிரம் வலிக்கும். மிக லேசான பிளாஸ்டிக் மணிகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் போடாதீர்கள், நிலைமின்னேற்றத்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும்.

தானியம் என்றால் வெறும் வாணலியில் சின்னத் தீயில் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டுப் போடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், புழு முட்டை இருந்தால் பொரிந்துவிடும். ஒரு மாதம் கழித்து உள்ளே மாவாகி நிற்கிற ஷேக்கரைத் திறக்கவும் முடியாது, ஒலிக்கவும் முடியாது. சூடு ஆறாமல் போட்டாலும் தப்பு, உள்ளே ஆவி அடைந்து மறுபடி ஈரமாகும்.

அளவுதான் முக்கியம். டப்பாவில் கால் பங்கு, போனால் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம். சத்தம் போதவில்லை என்று பாதிக்கு மேல் நிரப்புகிறவர்கள் நிறைய. மணிகள் பறந்துபோய் மோத இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு உள்ளேயே அமுங்கிவிடும், நீங்கள் எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் மந்தமான சலசலப்புதான் வரும். மாறாக ரொம்பக் குறைத்துப் போட்டால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்கும், தாளம் கலைந்த மாதிரி ஆகும்.

இரண்டு கையிலும் பிடிக்க ஜோடியாகச் செய்கிறீர்கள் என்றால் கரண்டிக் கணக்கில் போடாதீர்கள், தராசில் நிறுத்துப் போடுங்கள். கரண்டியால் அளந்த இரண்டும் ஒன்றாக இருப்பது போலத்தான் தெரியும், கையில் எடுத்து வலது இடது என்று மாற்றி மாற்றி ஆட்டும்போது ஒன்று எப்போதும் முந்திக்கொண்டு ஒலிக்கும்.

5. ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பசை போட்ட பிறகு உள்ளே இருப்பதை மாற்ற வழியில்லை. அதனால் முதலில் ஒட்டுநாடாவால் மட்டும் மூடி, அது ஒலிக்கப்போகிற இடத்திலேயே, அந்தப் பாட்டோடோ கூட்டத்தோடோ வைத்துப் பாருங்கள்.

கைபேசியை ஒரு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்யுங்கள். நேர் எதிரே வைத்தால் உச்ச ஒலிகள் மிகையாக விழும். மெதுவாக ஆட்டியது ஒருமுறை, பலமாக ஆட்டியது ஒருமுறை. மெதுவாக ஆட்டும்போது சத்தமே வரவில்லை என்றால் உள்ளே இருப்பது கனம், சிறிய மணிக்கு மாறுங்கள். பலமாக ஆட்டும்போது ஒவ்வொரு அடியும் தனியாகத் தெரியாமல் ஒரே இரைச்சலாகக் கேட்டால் அளவு அதிகம், ஒரு கரண்டி எடுத்துவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மணியையும் மாற்றி, டப்பாவையும் மாற்றினால் எதனால் நன்றாக வந்தது என்று தெரியாது, இரண்டாவது ஒன்று செய்யும்போது அந்த ஒலி திரும்பக் கிடைக்காது.

6. மூடுதல்

ஒட்டப்போகிற இரண்டு விளிம்பையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், துடைத்துவிட்டு எபாக்சி பூசுங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் சூட்டுப் பசை பிடிக்காது. ஒட்டினமாதிரி இருக்கும், கொஞ்ச நாள் அதிர்வில் தாளாக உரிந்து வரும். மேலே ஒரு சுற்று துணி நாடா. முழுக்கக் காய்வதற்கு முன் ஆட்டிப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், மணிகள் ஈரப் பசையில் போய் ஒட்டிக்கொள்ளும். மூடிய பக்கம் மேலே இருக்கும்படி வைத்துக் காயவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கைக்கு வீட்டில் செய்த ஷேக்கரைக் கொடுக்காதீர்கள். கீழே போட்டு உடைந்தால் உள்ளே இருக்கும் மணி தொண்டையில் சிக்குகிற அளவுதான்.

7. பிடிப்பதும் ஆட்டுவதும்

குழாய் ஷேக்கரை நிலத்துக்கு இணையாகப் படுக்க வைத்துப் பிடியுங்கள். பிறகு அதன் நீளத்துக்குக் குறுக்காக, உங்களிடமிருந்து முன்னே தள்ளிப் பின்னே இழுங்கள். அப்போது மணிகள் நீளச் சுவர் முழுவதும் பரவி, ஒரே நேரத்தில் மோதும். நீளவாக்கில் ஆட்டினால் மணிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடவேண்டும், வரிசையாகப் போய்ச் சேரும், ஒலி இழுபடும். குழாயை ஒருபக்கம் சாய்த்துப் பிடித்தாலும் இதே கதி, மணிகள் ஒரு மூலையில் குவிந்துவிடும்.

முட்டை ஷேக்கரைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால் பிடியுங்கள். முழுக்கையால் மூடினால் ஒலி அமுங்கும். இதையே வேண்டுமென்றும் செய்யலாம்: பாட்டு மெதுவாகிற இடத்தில் விரல்களை மூடுவது, எழும்புகிற இடத்தில் திறப்பது. கையின் வேகத்தைத் தொடாமலே ஒலியைக் கூட்டிக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது தொடக்கத்தில் சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். கை முன்னே போகத் தொடங்கும்போது மணிகள் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே வருகின்றன. கை சட்டென்று நிற்கும்போதுதான் அவை பறந்துபோய் முன்சுவரில் மோதுகின்றன. ஆக, தாளத்தின் அடி விழ வேண்டிய கணத்தில் கை நின்றிருக்க வேண்டும். புதியவர் அந்தக் கணத்தில்தான் கையை அசைக்கவே தொடங்குகிறார், அதனால்தான் பிந்துகிறது. கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, அடியில் நிறுத்துங்கள். நிறுத்தம் கூர்மையாக இருக்க வேண்டும், வளைந்து நெளிந்து திரும்புகிற கையில் மணிகள் சுவரோடு வழுக்கிக்கொண்டு போகும், மோதாது.

பயிற்சி இப்படி: மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். முதலில் முன்னே மட்டும், ஒரு அடிக்கு ஒரு ஒலி, பின்னே வருவதைச் சத்தமில்லாமல் மெதுவாக. மெட்ரோனோமின் டிக் சத்தம் உங்கள் ஒலிக்குள் மறைந்துபோனால் சரியாக விழுகிறது என்று பொருள். டிக் தனியாகக் கேட்கிறதா, நீங்கள் முந்துகிறீர்கள் அல்லது பிந்துகிறீர்கள்.

இது பிடிபட்ட பிறகு ஒரு அடிக்கு நான்கு. வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: த முன்னே, க பின்னே, தி முன்னே, மி பின்னே. அழுத்தம் த-வில் மட்டும், மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. பின்னே இழுக்கும் ஒலி எப்போதும் மெலிந்துபோகும், ஏனென்றால் கை முன்னே தள்ளுவதைத்தான் பழகியிருக்கிறது. அதைச் சரிசெய்ய சில நாள் அழுத்தத்தை க-வில் வைத்துப் பழகுங்கள், முதலில் கோணலாக இருக்கும், அப்புறம் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். மூன்று மூன்றாகப் போகிற பாட்டுக்குத் தகிட. இதில் ஒரு அடிக்கு அழுத்தம் முன்னேயும் அடுத்த அடிக்குப் பின்னேயும் விழும், அங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள், ரொம்ப மெதுவாகத் தொடங்குங்கள்.

வேகம் கூடும்போது அசைவைச் சுருக்குங்கள். நிமிடத்துக்கு 120 அடி, ஒரு அடிக்கு நான்கு என்றால் நொடிக்கு எட்டு ஒலி. முழங்கையிலிருந்து வீசிக்கொண்டு இதைச் செய்யவே முடியாது, பாட்டு பாதியில் இருக்கும்போதே தோள் கல்லாகிவிடும். மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள் போய்வந்தால் போதும்.

8. தட்டுக்கட்டை

இரண்டு பலகை, ஒரு முனையில் கீல், அவ்வளவுதான். சுமார் 30 செ.மீ. நீளம், 6 அல்லது 7 செ.மீ. அகலம், 10 முதல் 12 மி.மீ. கனம். மரம் கெட்டியாக இருக்கட்டும். மென்மையான மரத்தில் மோதுகிற முகம் நாளாக நாளாகக் குழிந்துபோய்ச் சத்தம் சப்பென்று ஆகிவிடும்.

கீலைப் பொருத்தும் முன் இரண்டு முகத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிகிற இடத்தில் பலகைகள் சந்திக்கவில்லை. உப்புத்தாளைச் சமதளத்தில் விரித்து, பலகையை அதன்மேல் தேய்த்து மட்டமாக்குங்கள். முகம் முழுவதும் ஒரே நேரத்தில் சந்தித்து நடுவிலுள்ள காற்றை வெளியே தள்ளும்போதுதான் அந்தப் பளார் என்ற ஒலி வரும். ஒரு மூலை மட்டும் முதலில் தொட்டால் டக் என்று மெலிதாக நின்றுவிடும்.

கைப்பிடியை வெளிப்புறத்தில் பொருத்துங்கள், விரல் எந்த நிலையிலும் விளிம்பைத் தாண்டி உள்ளே வராதபடி. பலகையின் ஓரத்தையே பிடித்துக்கொண்டு அடிப்பவர்கள் ஒருமுறை விரல் நசுங்கிய பிறகுதான் கைப்பிடி தேடுவார்கள்.

கை உருவத்தில் மூன்று பிளாஸ்டிக் தகடுகளோடு கிடைக்கிறதே, அது வேறு விதம். நடுத்தகடு கைப்பிடியோடு நிலையாக இருக்கும், இரண்டு பக்கத் தகடும் ஆடும். அதில் முன்னே ஒரு ஒலி, பின்னே ஒரு ஒலி வரும். ஒரு அடிக்கு ஒரே ஒலி வேண்டுமென்றால் மேலும் கீழும் ஆட்டாமல், ஒருபக்கமாகச் சொடுக்கி நிறுத்திவிட்டு மெதுவாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

9. ராட்செட்

மூன்றில் கடினமானது இதுதான். முதலில் அமைப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்: பற்சக்கரம் கைப்பிடிக் கம்போடு ஒட்டியிருக்கும், மரச்சட்டம் அந்தக் கம்பைச் சுற்றித் தடையில்லாமல் சுழலும். சட்டத்தின் மறுமுனையில் பொருத்திய மெல்லிய மரநாக்கு, சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் தாண்டித் தாண்டி விழும். சட்டத்தையும் கம்போடு சேர்த்து ஒட்டிவிட்டு ஏன் சுழலவில்லை என்று முழிப்பது வழக்கமாக நடப்பது.

முதலில் சக்கரம். 15 அல்லது 18 மி.மீ. பிளைவுட்டில் 6 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் வரைந்து, எட்டாகப் பிரித்து, எட்டுப் பல் வெட்டுங்கள். வாள்பல் மாதிரி ஒருபக்கம் சரிவும் ஒருபக்கம் செங்குத்துமாக வெட்டினால் சத்தம் அதிகம். ஆனால் ஒரே திசையில்தான் சுழற்றலாம், எதிர்த்திசையில் சுழற்றினால் நாக்கு முறியும். பலர் கைமாறி ஒலிக்கப்போகிற கருவி என்றால் இரண்டு பக்கமும் சரிவான பல்லே வெட்டுங்கள். யார் எப்படிச் சுழற்றுவார் என்று யார் கண்டது.

அடுத்து சட்டம். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, 20 செ.மீ. போல நீளம், ஒரு முனையில் இரண்டு பட்டைக்கும் நடுவே சக்கரம், மறுமுனையில் ஒரு மரத்துண்டு. பட்டைகளில் போடுகிற துளை கம்பின் விட்டத்தைவிட 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் மழைக்காலத்தில் மரம் உப்பிச் சிக்கிக்கொள்ளும். துளைக்குள் கொஞ்சம் மெழுகு தேயுங்கள், எண்ணெய் வேண்டாம், அது மரத்தில் ஊறிப் பசையை இளக்கும்.

நாக்கு கடைசியில்தான். 2 முதல் 3 மி.மீ. கனம், மரத்தின் நார் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கு நார் என்றால் சில சுற்றிலேயே படீர். மூங்கில் இதற்கு நன்றாகத் தாங்கும். நாக்கின் நுனி பல்லுக்குள் 3 மி.மீ. அளவு போனால் போதும். அதிகம் போனால் சுழற்றவே பலம் வேண்டியிருக்கும், குறைந்தால் உரசல் மட்டும் கேட்கும். நாக்கை ஒட்டாமல் திருகாணியால் இறுக்குங்கள். தேய்கிற பாகம் அது ஒன்றுதான், மாற்ற முடிய வேண்டும்.

கம்பின் மேல் முனையில் ஒரு குறுக்கு ஆணியோ தடிமனான மூடியோ போட்டு, சட்டம் கழன்று பறக்காதபடி தடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

எட்டுப் பல் சக்கரத்தை நொடிக்கு ஒரு சுற்று சுழற்றினால் எட்டு கிளிக். இரண்டரைச் சுற்று என்றால் நொடிக்கு 20. அந்த வேகத்தில்தான் தனித்தனிக் கிளிக் மறைந்து ஒரே கரகரப்பாகக் கேட்கத் தொடங்கும். தாளத்துக்கு வேண்டுமென்றால் அதற்குக் கீழே, ஒரே முழக்கமாக வேண்டுமென்றால் அதற்கு மேலே. சுழற்றும்போது சுற்றிலும் கை நீட்டுகிற தூரம் காலியாக இருக்க வேண்டும், தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றுவது இன்னும் பாதுகாப்பு.

10. பலர் சேர்ந்து ஒலிக்கும்போது

இசைக்குழு என்றால் ஒரு ஷேக்கர் போதும். இரண்டு வேண்டுமென்றால் ஒன்று மெல்லிய ஒலி, ஒன்று தடித்த ஒலி, இரண்டும் வேறுவேறு இடத்தில் விழட்டும். ஒரே ஒலியுள்ள நான்கு ஷேக்கர் ஒரே அடியில் விழுவது அரிதிலும் அரிது, கேட்பவருக்கு அது தாளமாகத் தெரியாது, சலசலப்புதான்.

பெரிய கூட்டத்தில் சிக்கலே வேறு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். உங்களிடமிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்பவரின் தட்டல் உங்களுக்கு வந்துசேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். 100 மீட்டர் என்றால் ஏறக்குறைய 0.3 நொடி. நிமிடத்துக்கு 120 அடி போகிற தாளத்தில் ஒரு அடிக்கே 0.5 நொடிதான், அதில் பாதிக்கும் மேல் தாமதம். எதிர்ப்பக்கம் கேட்கிற ஒலியோடு சேர்ந்துகொள்ள நீங்கள் முயன்றால் நீங்கள் பிந்துவீர்கள், உங்கள் ஒலியைக் கேட்டு அவர்கள் இன்னும் பிந்துவார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

எனவே காதை நம்பாமல் கண்ணை நம்புங்கள். எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒருவர், கையில் கொடியோ பளிச்சென்ற துணியோ வைத்துக்கொண்டு அடி காட்டட்டும். துணி கீழே வந்து நிற்கிற கணம்தான் அடி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் துணி மேலே போகும்போது தட்டுவார்கள். கூட்டம் ரொம்பப் பெரிதென்றால் பகுதிக்கு ஒருவர், அவர்கள் எல்லோரும் நடுவில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு.

தாளத்தை எளிதாக வையுங்கள்: மூன்று தட்டு, ஒரு வெறுமை. அந்த வெறுமை கட்டாயம் வேண்டும். பிந்தியவர் ஓடிவந்து சேர்ந்துகொள்ள அதுதான் இடம். இடைவெளி இல்லாமல் தொடர்ந்து தட்டச் சொன்னால் ஒருமுறை விலகியவர் கடைசிவரை விலகியே இருப்பார், அவரைப் பார்த்து அக்கம்பக்கம் நாலு பேர் விலகுவார்கள். வேகம் நிமிடத்துக்கு 90 போலத் தொடங்கட்டும். உற்சாகம் ஏற ஏறக் கூட்டம் தானாகவே வேகமெடுக்கும், 120-இல் தொடங்கினால் போய்ச்சேர இடமில்லை. எதிரொலிக்கிற உள்ளரங்கம் என்றால் இன்னும் மெதுவாக, ஒரு தட்டின் எதிரொலி அடங்கிய பிறகு அடுத்த தட்டு விழட்டும்.

நிறுத்தத்தைத் தனியாகப் பழக்குங்கள், தொடங்குவதைவிட அதிக நேரம் கொடுத்து. ஒரு தெளிவான சைகை (இரண்டு கையும் மேலே குறுக்காக, உதாரணத்துக்கு), அதைக் கண்டதும் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். சும்மா நிறுத்தச் சொன்னால் ஷேக்கர்கள் சிலுசிலுத்துக்கொண்டே இருக்கும், ராட்செட் அரைச் சுற்று கூடுதலாக ஓடும். நெஞ்சில் அணைத்தால் அந்த இடத்திலேயே அடங்கும். நூறு பேர் ஒரே நொடியில் அடங்குவதைக் கேட்டுப் பாருங்கள், அதற்கு முன் போட்ட சத்தத்தைவிட அதுதான் கைதட்டல் வாங்கும்.

11. காது

வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வைத்திருக்கிற வரம்பு இது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். வுவுசேலாவை 2 மீட்டர் தூரத்தில் அளந்தபோது 113 டெசிபல் காட்டியது. அந்த அளவுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

ராட்செட்டும் தட்டுக்கட்டையும் ஒலிப்பவருக்கும் அருகில் நிற்பவருக்கும் நுரைக் காதடைப்பான் கொடுங்கள். குழந்தைகளுக்குச் செருகுகிற வகை நிற்காது, தலையில் மாட்டுகிற காதுமூடி வேண்டும். யாருடைய காதுக்கு அருகிலும் ஒலிக்கவிடாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. 2 மீட்டரில் இருப்பதைவிட 25 செ.மீ. தூரத்தில் 18 டெசிபல் அதிகம். நிகழ்ச்சி முடிந்த பிறகு காதில் ங்ஙொய் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது களைப்பு இல்லை, காது அடிபட்டிருக்கிறது. அடுத்த முறை தூரத்தையும் நேரத்தையும் குறையுங்கள். மறுநாளும் போகவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள்.

12. எடுத்து வைப்பதும் பழுது பார்ப்பதும்

தானியம் போட்ட ஷேக்கரைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஆட்டிப் பார்த்தால் போதும்: ஒலி மங்கியிருந்தால் உள்ளே ஈரம். வெயிலில் வைத்துக் காயவைக்கப் பார்க்காதீர்கள், பிளாஸ்டிக் வளையும், பசை இளகும். புதிதாக இன்னொன்று செய்துவிடுவதுதான் வழி. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கண்ணாடி மணியோ பிளாஸ்டிக் மணியோ போட்டுச் செய்யுங்கள்.

தட்டுக்கட்டையில் கீலின் திருகாணி தளர்ந்தால் பலகைகள் கோணலாகச் சந்திக்கும், ஒலி மெலிந்ததும் முதலில் அதைப் பாருங்கள். ராட்செட்டின் நாக்கைப் பல்லின் மேல் ஏறி நிற்கிற நிலையில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் வைத்தால் நாக்கு வளைந்தே போய்விடும், அதனால் வைக்கும்போது நாக்கின் நுனி இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் இருக்கட்டும். பெட்டியில் போடும்போது கூடவே ஒரு மாற்று நாக்கும், அதன் திருகாணிக்குப் பொருந்துகிற திருப்புளியும் வைத்துவிடுங்கள், நிகழ்ச்சி நடக்கிற இடத்தில் அவை கிடைக்காது.